அடுக்களை கண்ட மாற்றங்கள்



சென்ற ஆண்டு கோடையில் எங்கள் ஊர்ப் பழைய வீட்டைப் பழுது பார்த்தேன். திருநெல்வேலிச் சீமையில், பருத்தி விளையும் கரிசல் நிலத்து ஓரமாக உள்ள சிற்றூர் அது. அடுக்களைச் சுவரைக் கொத்தனார் சுரண்டிக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் அவர் என்னை அழைத்து, "சார், இதைப் பாருங்கள், வெங்காயம் போல உரிகிறது" என்றார். மேலே அண்மைக் காலத்துப் பசை வண்ணம்; அதன்கீழ் நீலம் கலந்த சுண்ணாம்பு; அதன்கீழ் ஒரு கருமை; மீண்டும் வெண்மை; மீண்டும் கருமை. ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் முன்னர் என் தாயார் அடித்த சுண்ணாம்பும், அடுத்த பொங்கல் வருவதற்குள் அதன்மேல் ஏறிய புகையும் ஏடு ஏடாக அங்கே இருந்தன.

முப்பதாண்டுகளுக்கு மேலாக நான் வகுப்பறையில் வரலாறு கற்பித்தவன். பானிப்பட்டுப் போர்கள் மூன்றும் நடந்த ஆண்டுகளைத் தூக்கத்திலும் சொல்வேன். ஆனால் அந்தச் சுவரில் எத்தனை ஏடுகள் என்று எண்ணிப் பார்க்க எனக்கு அறுபது வயது கடக்க வேண்டியிருந்தது. ஆகவே இன்று உங்களோடு அரசர்களைப் பற்றிப் பேசப் போவதில்லை; அடுக்களையைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்க வேண்டா. அடுக்களைக்கும் வரலாறு உண்டு. அதற்குச் சான்றுகளும் உண்டு.

முதலில் ஒரு பானையைக் காண்போம். எகிப்து நாட்டில், செங்கடற்கரையில், குசேர் அல்காதிம் என்னும் பழைய துறைமுகம் ஒன்று உண்டு. அங்கு அகழ்ந்தெடுத்த பானை ஓடு ஒன்றில் தமிழ்ப் பிராமி எழுத்துகள் காணப்பட்டன. ஐராவதம் மகாதேவன் அவற்றைப் 'பானை ஒறி' என்று படித்தார். கயிற்றால் பின்னித் தொங்கவிடும் உறியைத்தான் அது குறிக்கிறது. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்னர் கடல் கடந்து போன நம்மவர் ஒருவர், நம் அடுக்களைச் சொல்லைப் பானையின்மேல் கீறி வைத்திருக்கிறார். எலிக்கும் எறும்புக்கும் எட்டாமல் தயிரையும் வெண்ணெயையும் காத்த அந்த உறியை, என் சிறு வயதில் எங்கள் வீட்டு உத்தரத்திலும் கண்டிருக்கிறேன். அதே செங்கடற்கரையில் பெரனிகே என்னும் மற்றொரு துறைமுகத்துக் கோயிலில், இந்தியச் சாடி ஒன்றில் ஏறத்தாழ 7.5 கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. உரோமானியர் பொன்னைக் கொடுத்து வாங்கிச் சென்ற மிளகு அது.

அக்காலத்து அடுக்களையின் உள்ளே எட்டிப் பார்க்க முடியுமா? முடியும். குறுந்தொகையின் 167-ஆம் பாடல், கூடலூர் கிழார் இயற்றியது. புதிதாக மணமான மகளின் இல்லத்துக்குச் சென்று வந்த செவிலி, தான் கண்டதை நற்றாய்க்குச் சொல்வதாக அமைந்தது. தயிர் பிசைந்த விரல்களை உடுத்த ஆடையிலேயே துடைத்துக்கொண்டு, தாளிப்பின் புகை கண்ணில் ஏற, அந்தப் பெண் தானே சமைத்துப் பரிமாறுகிறாள்; கணவன் இனிது என்று உண்கிறான்; அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. இப்பாடலின் அழகை நான் பல முறை வகுப்பில் வியந்து விளக்கியதுண்டு. ஆனால் அக்கண்ணில் ஏறிய புகையை அழகின் ஒரு பகுதியாகவே கொண்டேன். அது எரிச்சல் என்றோ, நாள்தோறும் இரு வேளை அந்த எரிச்சல் உண்டு என்றோ எனக்குத் தோன்றியதில்லை.

அந்தப் பெண்ணின் கையில் மிளகாய் இல்லை என்பதையும் நீங்கள் நினைவிற்கொள்ள வேண்டும். நம் வீட்டில் மிளகாய் இல்லாத குழம்பு உண்டா? ஆயினும் மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொலம்பசு அக்கண்டத்துத் தீவுகளை 1492-ல் அடைந்தார். வாசுகோடகாமா கோழிக்கோட்டுக்கு 1498-ல் வந்தார். அதன்பின் 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியே மிளகாய் நம் கரைக்கு வந்தது. மிளகைப் போல் காரமுள்ள காய் என்பதால் 'மிளகாய்' என்று நம் முன்னோர் பெயரிட்டனர். வந்தவனுக்கு வீட்டுக்காரன் பெயரையே கொடுத்துவிட்டார்கள்! வந்தவனோ நாளடைவில் வீட்டுக்காரனைத் திண்ணைக்குத் தள்ளிவிட்டான். மிளகு கொடியில் ஏறி மலைச்சாரலில் விளைவது. மிளகாயோ புழக்கடையில் நட்டாலும் காய்ப்பது. ஏழையின் கஞ்சிக்கும் காரம் கிடைத்தது என்றால், அது இந்த அயல்நாட்டுச் செடியால் கிடைத்தது. உருளைக்கிழங்கும், இன்றைய தக்காளியும், நிலக்கடலையும், முந்திரியும், பப்பாளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவையே. 'நம் பழைமையான சமையல்' என்று நாம் பெருமை பேசும்போது இவற்றை நினைத்துச் சற்றுக் குரலைத் தாழ்த்திக்கொள்வது நல்லது. நாமும் கொடாமல் இல்லை. நம் மிளகுத் தண்ணீர் ஆங்கிலேயர் நாவில் சிதைந்து 'மல்லிகடானி' ஆகி, அவர்களுடைய அகராதியிலேயே இடம் பெற்றுவிட்டது.

இனிப் பருகுவனவற்றுக்கு வருவோம். என் பாட்டியார் காலத்தில் விடியற்காலையில் வீட்டில் பருகியது நீராகாரம். இரவில் மிஞ்சிய சோற்றில் நீர் ஊற்றி வைத்தால், விடிவதற்குள் இலேசாகப் புளித்திருக்கும். அந்நீரை வடித்து உப்பிட்டு, சின்ன வெங்காயம் ஒன்றைக் கடித்துக்கொண்டு குடித்துவிட்டு வயலுக்குப் போவார்கள். பனை ஏறும் காலத்தில் பதநீர் வரும். பனஞ்சாறு இயல்பாகப் புளித்துக் கள்ளாகிவிடும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிவிட்டால் புளிக்காமல் இனிப்பாகவே நிற்கும். சுண்ணாம்பின் காரத்தன்மை நொதித்தலைத் தடுக்கிறது என்று வேதியியல் வகுப்பில் படிப்பீர்கள். பனையேறி அதைப் பள்ளிக்குச் செல்லாமலேயே அறிந்திருந்தார்.

பானகத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எழுதிக்கொள்ள விரும்புவோர் எழுதிக்கொள்ளலாம், அடுப்பே வேண்டா. ஒரு லிட்டர் நீரில் 150 கிராம் வெல்லத்தைக் கரைத்து, கல்லும் தூசியும் நீங்க வடிகட்டுங்கள். அரைத் தேக்கரண்டி சுக்குப்பொடி, பொடித்த ஏலக்காய் இரண்டு, அரை மூடி எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு. அவ்வளவுதான். மண்பானையில் வைத்தால் தானே குளிரும். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தையும் கொண்டுபோய்விடுகிறது. நீர்மோருக்கு ஒரு பங்கு தயிருக்கு நான்கு பங்கு நீர்; நன்றாகக் கடைந்து, உப்பும் தட்டிய இஞ்சியும் கறிவேப்பிலையும் சேர்த்தால் போதும்.

இந்த இனிப்பும் உப்பும் நீரும் சேர்ந்த சேர்க்கையை ஒட்டி மருத்துவ வரலாற்றில் ஓர் அரிய நிகழ்ச்சி உண்டு. 1971-ல் வங்காளதேசப் போரின்போது ஏதிலிகள் நிறைந்திருந்த பன்கான் முகாமில் காலரா பரவியது. ஊசி வழியே ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், திலீப் மகாலனாபிசு என்னும் மருத்துவர் சர்க்கரையும் உப்பும் கரைத்த நீரை வாய்வழியே கொடுக்கச் செய்தார். கொடுத்தவர்கள் பெரும்பாலும் நோயாளிகளின் உறவினரே. நூற்றுக்கு முப்பது பேர்வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் சாவு நூற்றுக்கு மூன்று என்னும் அளவுக்குக் குறைந்தது. குடல் சர்க்கரையை ஏற்கும்போது உப்பையும் நீரையும் உடன் ஏற்கிறது என்பதே அதன் இரகசியம். வீட்டில் செய்துகொள்ள, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இந்த அளவை மாற்றக் கூடாது. பானகம் இதற்கு ஈடான மருந்தன்று. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டா.

குளிர்பானத்துக்குப் பனிக்கட்டி வேண்டுமே என்பீர்கள். சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்கும் வட்டக் கட்டடம், 1842-ல் பனிக்கட்டி வைப்பதற்கென்றே எழுப்பப்பட்டது. குளிர்சாதனப் பொறி இல்லாத காலத்தில் பனிக்கட்டி எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் மாசசூசெட்சு மாநிலத்து ஏரிகள் குளிர்காலத்தில் உறையும்போது, அவற்றை அறுத்துப் பாளம் பாளமாக எடுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றினார் பிரெடரிக் டியூடர் என்னும் வணிகர். 1833-ல் கல்கத்தாவுக்கு அவர் அனுப்பிய முதற் கப்பலில் 180 டன் ஏற்றினார்கள். நான்கு மாதப் பயணத்தில் உருகியது போக ஏறத்தாழ 100 டன் வந்து சேர்ந்தது. வெள்ளைக்காரத் துரைகளின் கோப்பைக்காக ஓர் ஏரியே பாதி உலகம் சுற்றி வந்திருக்கிறது. செயற்கைப் பனிக்கட்டி வந்தபின் அவ்வணிகம் மறைந்தது. 1897-ல் விவேகானந்தர் அக்கட்டடத்தில் தங்கினார். 'ஐஸ் ஹவுஸ்' என்ற பெயர் மட்டும் பேருந்து நடத்துநர்களின் வாயில் உருகாமல் நின்றுவிட்டது.

காப்பியின் கதை வேறு. அது நடுத்தர வீடுகளுள் நுழைந்தபோது எழுந்த கண்டனம் கொஞ்சநஞ்சமன்று. ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற தலைப்பிலேயே ஒரு நூல் தந்துள்ளார். கல்லூரி மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும். காப்பியும் தேநீரும் கடைகளைக் கொணர்ந்தன. கடை என்றால் எல்லாரும் கூடும் இடம் அன்றோ? அங்கேதான் நம் சமூகத்தின் புண் வெளித்தெரிந்தது. கண்ணாடிக் குவளை சிலருக்கு. தாங்களே கழுவி வைக்க வேண்டிய தனிக் குவளை வேறு சிலருக்கு. 1950-ல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்ததோடு, கடைகளிலும் உணவு விடுதிகளிலும் சாதி காரணமாக எவரையும் தடுக்கலாகாது என்றும் விதித்தது. அதன் பின்னரும், நான் பள்ளிச் சிறுவனாக இருந்த 1960-களின் இறுதியில், எங்கள் ஊர்த் தேநீர்க் கடைக் கூரையில் செருகியிருந்த தேங்காய்ச் சிரட்டைகளை நான் கண்டிருக்கிறேன். என் வகுப்புத் தோழன் ஒருவனின் தந்தைக்கு அதில்தான் தேநீர் ஊற்றினார்கள். பள்ளியிலோ, காமராசர் ஆட்சியில் 1956-ல் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்தின் சோற்றை அவனும் நானும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்டோம். அமெரிக்க மக்காச்சோள மாவில் கிண்டிய மஞ்சள் உப்புமா. சுவை ஒன்றும் சொல்லிக்கொள்ளும்படி இராது. ஆனால் அந்த வரிசை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

பாத்திரங்களைப் பற்றி விரிவாகச் சொல்ல நேரம் இடந்தராது. மண் போய் வெண்கலமும் பித்தளையும் வந்தன. பித்தளையில் புளி பட்டால் களிம்பு ஏறும். ஆகவே துருத்தியோடு தெருவுக்கு வருவார் ஈயம் பூசுகிறவர். நவச்சாரத்தின் புகை நெடியோடு, கறுத்த பாத்திரம் நொடியில் வெள்ளியாக மாறுவதைச் சிறுவர்கள் சூழ்ந்து நின்று பார்ப்போம். 1898-ல் ஆல்பிரடு சாட்டர்டன் சென்னைக் கலைப் பள்ளியில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கினார். 1913-ல் இங்கிலாந்தில் ஹாரி பிரியர்லி கண்ட துருப்பிடிக்காத எஃகு, நம் பெண்களிடம் 'எவர்சில்வர்' என்று பெயர் பெற்று வந்தபோது, ஈயம் பூசுகிறவரின் துருத்தி ஓய்ந்தது. 1955-ல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் மின்சார மாவரைக்கும் கல்லை உருவாக்கினார். அவர் பெயரைப் பாடநூலில் நான் கண்டதில்லை. விடியற்காலையில் எழுந்து ஆட்டுக்கல்லின் முன் இரண்டு மணி நேரம் குந்தியிருந்த பெண்களின் தோள்களைக் கேட்டால், அவருக்கு ஓர் இயலே ஒதுக்கச் சொல்லும்.

நான் சொல்ல வந்தது இவற்றையெல்லாம்விட அடுப்பைப் பற்றித்தான்.

எங்கள் அடுப்பு மண்ணால் பிடித்தது, மூன்று குமிழ், பக்கத்தில் கொடியடுப்பு ஒன்று. எரிபொருள் பருத்திமார், உடைமரச் சுள்ளி, வரட்டி, மழைக்காலத்தில் கிடைத்தது எதுவோ அது. ஈர விறகு எரியாது, புகையும். என் தாயார் ஊதாங்குழலை வாயில் வைத்து ஊதிக்கொண்டேயிருப்பார். புகை போக ஓட்டில் இரண்டு இடைவெளி மட்டும். ஆண்டு முழுதும் இப்படி. மார்கழி இறுதியில் பானை சட்டிகளை வெளியே எடுத்துவைத்து, பரணை ஒழித்து, ஒட்டடை அடித்து, சுண்ணாம்பை நீற்றி நீலம் கலந்து, தென்னை மட்டையைத் தட்டிச் செய்த தூரிகையால் அவரே பூசுவார். தரையைச் சாணத்தால் மெழுகி, அடுப்பைச் செம்மண்ணால் பூசி, அதன்மேல் வெள்ளைக் கோலம் இழைப்பார். அன்று ஒரு நாள் அந்த அறை வேறோர் அறைபோல் ஒளிரும். "இன்றைக்கு அடுப்பு மூட்டாதே, அழகாக இருக்கிறது" என்று நாங்கள் சொல்வோம். "மூட்டாமல் உன் வயிற்றுக்கு என்ன செய்வாய்?" என்பார்.

புகையில்லா அடுப்புக்கு நாட்டில் முயற்சி நடக்காமல் இல்லை. 1950-களில் ஐதராபாத்துப் பொறியியல் ஆய்வுக் கூடத்தைச் சேர்ந்த எஸ். பி. ராஜு, மண்ணாலேயே செய்த, புகைபோக்கியுடன் கூடிய அடுப்பு ஒன்றை வகுத்து நாடெங்கும் பரப்ப முயன்றார். 1980-களில் நடுவண் அரசும் செம்மை அடுப்புத் திட்டம் நடத்தியது. எங்கள் தெருவிலும் சில வீடுகளில் அமைத்தார்கள். குழாயில் கரி அடைத்துக்கொண்டது, மண் வெடித்தது, பழுது பார்க்க எவரும் வரவில்லை. ஓராண்டில் பெண்கள் அதை இடித்துவிட்டுப் பழைய அடுப்பையே போட்டுக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொன்னவர்கள் பலர். விறகின் நீளத்தையும் பானையின் வாயையும் அவர்களிடம் முதலில் கேட்டிருக்கலாம் என்று சொன்னவர்கள் சிலர்.

எரிவாயு 1955-ல் பம்பாயில் விற்பனைக்கு வந்தது. 1965-ல் கல்கத்தாவில் இண்டேன் தொடங்கிற்று. எங்கள் வீட்டுக்கு அது 1992-ல், பல ஆண்டுகள் பதிவு செய்து காத்திருந்தபின் வந்தது. நானே கொணர்ந்தேன், பெருமைப்பட்டுக்கொண்டேன். தாயார் அதில் காப்பி மட்டும் போட்டார். சோற்றுக்கும் வெந்நீருக்கும் விறகடுப்புத்தான். "உருளை தீர்ந்தால் உனக்குத்தானே செலவு" என்றார். நான் வற்புறுத்தவில்லை. அவருக்குப் பழகிவிட்டது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

2004-ல் அவருக்கு மூச்சிரைப்பு மிகுந்தது. மார்பைச் சோதித்த மருத்துவர் என்னைத் தனியே அழைத்து, "அம்மாவுக்குப் பீடி, சுருட்டுப் பழக்கம் உண்டா?" என்று வினவினார். எனக்குச் சினம் மூண்டது. "இல்லை என்றால் எத்தனை ஆண்டு விறகடுப்பு?" என்றார். கணக்குப் பார்த்தேன். பதினாறு வயதில் இந்த வீட்டுக்கு வந்தவர், ஐம்பதாண்டுக்கு மேல். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். 2009-ல் தாயார் காலமானார். வீட்டுப் புகையால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களுள் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் 2,37,000-க்கு மேல். மூன்று பானிப்பட்டுப் போர்களிலும் மாண்டவர்களை ஒன்றுசேர்த்தாலும் இத்தொகையை எட்டாது.

என் குற்றம் இன்னும் ஒன்று உண்டு. நான் தலைமை ஆசிரியராக இருந்த பள்ளி ஒன்றில், சத்துணவு சமைத்த அம்மையார் புகைபோக்கி ஒன்று வேண்டுமென்று கேட்டார். மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். விடை வரவில்லை. நினைவூட்டி மற்றொரு கடிதம் எழுதியிருக்கலாம், எழுதவில்லை. நாள்தோறும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே என் அறைக்குச் சுவை பார்க்க உணவு கொணர்ந்து வைப்பார், நான் கையொப்பமிடுவேன். பின்னர் அப்பள்ளிக்கு எரிவாயு அடுப்பு வந்ததாகக் கேள்விப்பட்டேன். அதற்குள் நானும் மாறுதலாகிப் போயிருந்தேன்.

2006-க்குப் பின்னர்த் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு அடுப்பை இலவசமாகக் கொடுத்தது. 2016-ல் நடுவண் அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. இப்போது எங்கள் தெருவில் விறகுப் புகை அரிது. ஆயினும் உருளையின் விலை ஏறும்போதெல்லாம் சில கொல்லைகளில் மீண்டும் புகை எழுவதைக் காண்கிறேன்.

கொத்தனார் கேட்டார்: "சுரண்டிவிடவா, விட்டுவிடவா?" கொடியடுப்பு இருந்த மூலையில் ஒரு முழ அளவு விட்டுவிடச் சொன்னேன். மற்ற இடமெல்லாம் வெள்ளை ஓடு பதித்தாகிவிட்டது. விருந்தினர் வந்தால் நாணமாக இருக்கிறது என்று என் மனைவி அந்த இடத்தில் ஒரு நாட்காட்டியை மாட்டிவிட்டாள். நானும் மறுப்புச் சொல்லவில்லை. மாதம் பிறக்கும்போது தாளைப் புரட்டுவதற்காக அதைக் கழற்றுவேன்; அப்போது விரலால் தொட்டால் இன்றும் சிறிது கரி ஒட்டுகிறது.